கிணற்றுக் கயிற்றை மகாதேவி கழற்றிய கிழமை

கரவெட்டி கிழக்கு,
28.11.1992, சனிக்கிழமை.

அன்பு மகன் தவநேசனுக்கு அம்மா எழுதுவது. நானும் ஐயாவும் உன் தங்கச்சி மகாதேவியும் உயிரோடும் கூரையோடும் இருக்கிறோம். அந்தக் குளிர் தேசத்தில் நீயும் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று வல்லிபுர ஆழ்வாரை நேர்ந்துகொள்கிறேன். நீ புரட்டாதியில் போட்ட கடிதம் போன கிழமைதான் வந்து சேர்ந்தது. உடனே பதில் எழுதாததற்குக் கோபிக்காதே, இங்கே ஒரு பெரிய காரியம் நடந்துவிட்டது. அதை ஒழுங்காக எழுதவேண்டும் என்றுதான் சமையலை ஒதுக்கிவைத்துவிட்டு இந்தக் காலையில் உட்கார்ந்திருக்கிறேன், மகாதேவி பள்ளிக்கூடம் துப்புரவாக்கப் போயிருக்கிறாள்.

அவள் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் கீரிமலைப் பக்கத்தால் இடம்பெயர்ந்த நாற்பது குடும்பம் இரண்டு வருசமாக இருக்கிறது என்பது உனக்குத் தெரியும். காலையில் பாயைச் சுருட்டிவைத்துவிட்டு அதே மண்டபத்தில்தான் வகுப்பு நடக்கும். இந்தமுறை மாரி சரியான மாரி, மலகூடக் குழியெல்லாம் நிரம்பி வளவு முழுக்க வெள்ளம். பத்தாம் தேதி செவ்வாய்க்கிழமை மகாதேவியின் எட்டாம் வகுப்பில் ஏழு பிள்ளைகள் வரவில்லை. அவள் சுகாதாரம் படிப்பிக்கிறவள், சும்மா விடுவாளா, வந்த பிள்ளைகளிடம் யார் எந்தத் தண்ணீர் குடிக்கிறது என்று ஒவ்வொருவராய்க் கேட்டிருக்கிறாள். வராத ஏழு பேரும் பள்ளிக்கூடக் கிணற்றில் குடிக்கிற பிள்ளைகள், ஏழு பேருக்கும் வயிற்றோட்டம். வீட்டிலிருந்து போத்தலில் கொண்டுவருகிற பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. நேரே அதிபர் கனகரத்தினத்திடம் போய்க் கிணற்றை மூடச் சொல்லியிருக்கிறாள். அவர் "பிள்ளை, மூடினா உந்த நாற்பது குடும்பமும் எங்கை போறது, சுகாதாரப் பரிசோதகர் திங்கட்கிழமை வருவார், அதுவரைக்கும் பொறும்" என்றாராம். அவள் பொறுத்தாள். வெள்ளிக்கிழமை பதினாறு பிள்ளைகள் இல்லை.

அன்றைக்கு அவள் யாரையும் கேட்கவில்லை. தானே போய்க் கப்பியிலிருந்து கயிற்றைக் கழற்றி, வாளியையும் எடுத்துக்கொண்டுபோய் வகுப்பு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். பின்னாலேயே பத்துப் பதினைந்து பேர் எங்கள் வாசல் படலைக்கு வந்துவிட்டார்கள். முன்னுக்கு நின்றவர் முருகேசு, மண்டபத்து முகாம் ஆட்களுக்காகக் கதைக்கிறவர், கீரிமலையில் தோட்டம் செய்த மனிசன். "எங்களைத் துரத்துறதுக்குத்தானே உந்தக் கிணத்துக் கதை? நோயையும் நாங்கள்தான் கொண்டுவந்தது எண்டு சொல்லப்போறியள்" என்று கத்தினார். ஐயா படலையைத் திறக்கவிடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குப் பயம்தான், அலுமாரித் திறப்பைக் கொடுத்துவிடு பிள்ளை என்று உள்ளேயிருந்து நானே சொன்னேன், அதை உனக்கு மறைக்கவில்லை. மகாதேவி இறங்கிப் போய் அவருக்கு முன்னால் நின்று, "அண்ணை, ஒருத்தரும் உங்களைத் துரத்தேல்லை. ஆனா அந்தத் தண்ணியை இனி ஒருத்தரும் குடிக்கேலாது. எங்கடை கிணத்திலை இருந்து நானே கொண்டுவந்து தாறன்" என்றாள். அவர் காறித் துப்பிவிட்டுப் போனார்.

சொன்னபடி சனிக்கிழமை விடிய அவளும் அவளுடைய வகுப்புப் பிள்ளைகளும் சைக்கிளில் குடம் கட்டித் தண்ணீர் ஏற்றினார்கள். நான் தென்னம் பன்னாடையும் தேங்காய்ப் பொச்சும் போட்டு எரித்து இரண்டு கிடாரம் தண்ணீர் கொதிக்கவைத்துக் கொடுத்தேன். விறகுக்கு இருக்கிற தட்டுப்பாடு உனக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பத்து மணியளவில் முருகேசுவின் கடைசிப் பெடியனுக்கு வயிற்றோட்டம் தொடங்கிவிட்டது. ஆறு வயது, இந்த வருசம்தான் முதலாம் வகுப்பு. முந்தின நாள்களில் குடித்த தண்ணீர்தான், வேறென்ன. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக என்று சைக்கிளில் ஏற்றினால் மேலே ஆமியின் கெலிகொப்டர் சுற்றுகிறது, றோட்டில் ஒரு குருவி இல்லை. இரண்டு மணித்தியாலம் மதிலோடு ஒதுங்கி நின்று பிறகுதான் போனார்கள். அந்த இடைவெளிக்குள் மண்டபத்தில் இன்னும் ஐந்து பிள்ளைகள் விழுந்துவிட்டார்கள். மகாதேவியின் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொருவரை மடியில் போட்டு, உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாய் விட்டார்கள். குடித்ததைச் சத்தியெடுத்தால் கொஞ்ச நேரம் பொறுத்துத் திரும்பவும் விட்டார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் தம்பி, ஒன்றுகூட எழும்பி ஓடவில்லை. அந்த ஐந்தும் பிழைத்தன. முருகேசுவின் பெடியன் ஞாயிறு காலையில் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான்.

அதற்குப் பிறகு மகாதேவி பள்ளிக்கூடம் போகவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தவள் படுத்தவள்தான். "செவ்வாய்க்கிழமையே கயித்தைக் கழட்டியிருக்கோணும் அம்மா, என்னைப் பொறுக்கச் சொன்னதும் பொறுத்திட்டன், நானெல்லாம் என்ன சுகாதார ரீச்சர்" என்று அதையே சொன்னாள். பரிசோதகர் வந்து கிணறு பழுதுதான் என்று சொல்லிக் குளோரின் போட்டுவிட்டுப் போனார், அதைச் சொன்னேன், திரும்பியும் பார்க்கவில்லை. அதிபர் வந்து விறாந்தையில் இருந்து, "பிழை என்னிலைதான் பிள்ளை, உம்மிலை இல்லை" என்று கதவைப் பார்த்துச் சொன்னார், பாவம், ஒரு கிழமையில் பத்து வயது கூடின மாதிரி இருந்தது. அவள் வெளியே வரவில்லை. சோறும் இறங்கவில்லை. நான் பயந்துபோனேன்.

எட்டு நாள் கழித்து, திங்கட்கிழமை காலையில் முருகேசுவின் மனைவி இராசமலர் வந்தாள். தலை வாரி இழுக்காமல், இரண்டு பெண்பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். ஏசத்தான் வருகிறாள் என்று நினைத்து நான் வழியை மறித்துக்கொண்டு நின்றேன். அவள் என்னைத் தாண்டி அறை வாசலில் போய் நின்று, "ரீச்சர், அந்தக் கஞ்சிக்கு உப்பு எவ்வளவு எண்டு எனக்கு ஒருக்காக் காட்டித் தாங்கோ. எனக்கு இன்னும் ரெண்டு கிடக்கு" என்றாள். மகாதேவி எழும்பினாள். எட்டு நாளுக்குப் பிறகு தானாக எழும்பி, குசினிக்குள் வந்து கஞ்சி வடித்தாள். ஒரு போத்தலுக்கு மூன்று விரலால் கிள்ளின உப்பு என்று காட்டினாள். கலக்கி ஒரு துளி அவளுடைய கையில் விட்டு, "நாக்கிலை வைச்சுப் பாருங்கோ, கண்ணீரைவிடக் கரிக்கக்கூடாது, அதுதான் கணக்கு" என்றாள். இராசமலர் நக்கிப் பார்த்துவிட்டு, "சரியா இருக்கு ரீச்சர். அந்த ருசி எனக்குத் தெரியும்" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் அடுப்படியிலேயே இருந்து அழுதார்கள். நான் அந்தப் பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வளவுக்குள் போய்விட்டேன்.

அடுத்த நாள் அவள் பள்ளிக்கூடம் போனாள். இப்போது மண்டபத்துத் தாய்மாரையும் பின்னேரத்தில் கூட்டிவைத்துப் படிப்பிக்கிறாள். சவுக்காரம் இல்லாததால் சாம்பல் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் பிள்ளைகள் வகுப்புக்குள் வரவேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறாள். ஆனால் முகம் இன்னும் தெளியவில்லை. வீட்டில் ஒரு சொல், இரண்டு சொல், அவ்வளவுதான்.

தம்பி, நீ கடிதத்தில் அவளைக் கொழும்புக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறாய், அங்கிருந்து உன்னிடம் எடுக்கிற மிச்சத்தை நீ பார்ப்பதாகவும். கெலிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நானும் அதைத்தான் விரும்புகிறேன், தாய்தானே. என்றாலும் இப்போது கூப்பிடாதே. இந்த நேரம் போனால் தோற்றுப்போய் ஓடினதாக ஆயுள் முழுக்க நினைப்பாள். அவளுக்கென்று தனியாக ஒரு கடிதம் எழுது. நீ செய்தது சரி என்று எழுது. நாங்கள் நூறுதரம் சொல்லியாயிற்று, நாங்கள் பெற்றவர்கள், சொல்லத்தானே செய்வோம். அண்ணை சொன்னால் நம்புவாள். மழையில் நனையாதே, நேரத்துக்குச் சாப்பிடு, கந்தசஷ்டி விரதம் உனக்காகவும் சேர்த்துத்தான் பிடித்தேன். ஆழ்வார் உன்னை எந்தக் குறையும் அண்டாமல் காப்பார். இந்தக் கடிதம் எழுதுவது அவளுக்குத் தெரியாது, வேறு யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு நீயாகவே எழுதுகிற மாதிரி எழுது.

இப்படிக்கு,
உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
அருமைநாயகி.