நட்சுயோவின் பாட்டில் ஒரு சலங்கை

ஒசாகா
12.5.2024

அன்புள்ள சுடலைக்கண்ணனுக்கு,

தாஹிர் எழுதுவது. நான் நலம். நீயும் மாரீஸ்வரியும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். கோபத்தில் கவரைக் கிழித்துப் போட்டுவிடாதே, உள்ளே பென் டிரைவ் இருக்கிறது.

இரண்டு வருஷம் ஆயிற்று. கோயில் கொடைப் பந்தலில் கமிட்டிக்காரர்கள் முன்னால் நீ என்னை ஏசியதற்கு நியாயம் கேட்டு இதை எழுதவில்லை. பதினாலு வருஷம் சேர்ந்து சவுண்ட் செட் ஓட்டியிருக்கிறோம். இந்த விஷயத்தைச் சொல்ல உன்னைத் தவிர எனக்கு ஆள் இல்லை.

நான் தோசை போடும் ஓட்டலுக்குக் காய்கறி கொண்டுவருகிறவர் நகானோ. போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனார். அங்கே ஆளுயரத்துக்கு மேல் ஸ்பீக்கர் பாக்ஸ் அடுக்கியிருந்தது, எல்லாம் அவரே மரம் அறுத்துச் செய்தவை. போட்டது முழுக்க ரெகே, ஜமைக்காவில் பிறந்த பாட்டு. மேடை கிடையாது. ஜனங்கள் பாக்ஸைப் பார்த்து நின்று ஆடுகிறார்கள், சுடலை. நாம் பந்தலுக்குப் பின்னால் ஒயரோடு ஒயராகக் கிடந்தவர்கள். இங்கே செட்டுக்காரருக்குக் குனிந்து வணக்கம் சொல்கிறார்கள்.

அங்கே ரெக்கார்டில் பாடக் கேட்டவள்தான் நட்சுயோ. கனத்த குரல். ஒசாகா பேச்சிலேயே பாடுகிறாள், டோக்கியோக்காரர்களுக்குப் பாதி புரியாதாம், அதைப் பற்றி அவளுக்குக் கவலையும் இல்லையாம். மழைக்கு ரயில் பாலத்தடியில் ஒதுங்கியவர்களைப் பற்றிய பாட்டு என்று நகானோ சொன்னார். பேஸ் கிட்டார் நாலு வார்த்தை பேசிவிட்டு வாயை மூடிக்கொள்கிறது. அந்த இடைவெளியில் டிரம் ஒரே ஒரு அடி. பின்னால் ஆர்கன் முணுமுணுக்கிறது. பாக்ஸ் மேல் கை வைத்தேன், அதிர்வு விலா எலும்பு வரைக்கும் வந்தது. அழுதுவிட்டேன்.

அவள் ரெக்கார்டாக மட்டும் விடுகிறாள், நெட்டில் கிடைக்காது. நகானோதான் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தார். நம் பெரிய பாக்ஸில் போட்டுக் கேள்.

தாஹிர்


தாராவி
9.6.2024

தாஹிருக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. பத்து நாள் டிவி மேல் கிடந்தது.

முதலில் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். ஏசியது நிஜம். மைக் விசிலடிக்கிறது, ஜனம் காதைப் பொத்துகிறது, சாமியாடுகிறவரே திரும்பிப் பார்க்கிறார், மிக்சர் போர்டில் உட்கார்ந்திருக்கிற நீ அசையவே இல்லை. "ஏ செவிட்டு மூதி, விசிலடிக்கது கேக்கலியால?" என்று வாயில் வந்துவிட்டது. அதற்காக மறுநாளே குடோன் சாவியைக் கதவில் தொங்கவிட்டுப் போய்விடுவதா? ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். இரண்டு வருஷம் தனியாளாகப் பாக்ஸ் தூக்கி என் இடுப்பு போனது உனக்குத் தெரியாது.

சரி, பாட்டுக்கு வருகிறேன். ஞாயிறு காலை குடோனில் போட்டேன். இட்லி போடுகிற ராஜபாண்டி அண்ணாச்சி, "பாத்திரமெல்லாம் ஆடுதுல" என்று சத்தம் போட வந்தார். வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். "இவ எந்த ஊர்க்காரில? நம்ம ஊர்ல சண்டைக்கு நிக்க மாதிரியில்லா பாடுதா" என்றார். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை அவருக்கு, மூன்று தடவை போடச் சொன்னார்.

அதற்குப் பிறகு எனக்கும் பித்துப் பிடித்துவிட்டது. நெட்டில் ரெகே பாட்டாகத் துழாவிக்கொண்டே இருக்கிறேன். நியூஸிலாந்தில் மாவோரிக்காரர்கள் ஏழு பேர், எல்லாரும் அண்ணன் தம்பிகள், ஒருத்தன் மூச்சு விடுகிற இடத்தில் அடுத்தவன் எடுக்கிறான். ஐவரி கோஸ்ட்டில் ஒரு பெரியவர் மந்திரிகளை நிற்கவைத்துக் கணக்கு வாத்தியார் மாதிரிக் கேள்வி கேட்கிறார். இங்கிலாந்தில் ஒரு பெண் பாடுவதைக் கேட்டு என் டீ ஆறிப்போனது. ஆனால் நட்சுயோவைத் தாண்டி ஒருவரும் இல்லை. நீ கண்டுபிடித்தவள் என்பதற்காகக் குறைத்துச் சொல்ல மனம் வரவில்லை.

வேறு இருந்தால் அனுப்பு. கோபம் அப்படியேதான் இருக்கிறது.

சுடலைக்கண்ணன்


ஒசாகா
14.7.2024

அன்பு மாப்ளே,

உன் கடிதத்தை ஓட்டல் அடுப்படியில் நின்றே படித்தேன். ஒரு தோசை கருகியது.

நட்சுயோ எங்கள் ஓட்டலுக்கு வந்தாள். பகலில் டவுன் பஸ் ஓட்டுகிறாளாம். மசாலா தோசையை இரண்டு கையாலும் பிய்த்துச் சாப்பிட்டாள். தாராவியில் அவள் பாட்டுக்கு இட்லிப் பாத்திரம் ஆடியது என்று நகானோ மூலம் சொன்னேன். எழுந்து நின்று குனிந்தாள். மெல்லிய குரலில் ஏதோ சொன்னாள், நான் தலையாட்டி வைத்தேன். ஒரு நாள் அந்தப் பாத்திரங்களைப் பார்க்க வருவேன் என்றாளாம், நகானோ பிறகு சொன்னார்.

இந்தக் கவரில் அவளுடைய இன்னும் இரண்டு பாட்டு இருக்கிறது. கூடவே ஒகினாவா தீவுக்காரர் ஒருவர், தம் ஊர் மூன்று தந்தி வாத்தியத்தை ரெகே தாளத்தில் உட்காரவைத்திருக்கிறார். என்ன துணிச்சல் பார்.

சாவியைப் பற்றிக் கேட்டிருந்தாய். எதிர்த்துப் பேச என்னிடம் எதுவும் இல்லை. அதை விட்டுவிடு.

உன்
தாஹிர்


தாராவி
25.8.2024

அன்புள்ள தாஹிர்,

விட முடியவில்லை.

போன மாதம் மாரீஸ்வரி குடோனுக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். நட்சுயோவின் ரயில் பாலத்துப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. "இந்தச் சலங்கை எம்புட்டு நல்லாருக்கு, பாட்டு முழுக்கக் கூடவே வருதுல்லா" என்றாள். "எந்தச் சலங்கை?" என்று கேட்டேன். "வெளாடுதியளா?" என்றாள்.

திருப்பித் திருப்பிப் போட்டேன். அவள் விரலால் தட்டித் தட்டிக் காட்டினாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

உன் முதல் கடிதத்தை எடுத்துப் படித்தேன். பேஸ், டிரம், ஆர்கன், குரல் எல்லாம் எழுதியிருக்கிறாய். சலங்கை இல்லை. கீச்சுச் சத்தம் தருகிற டுவீட்டரில் ஒரு ஒயர் தளர்ந்தாலே பந்தலின் அந்தக் கோடியிலிருந்து சொல்லுகிற ஆள் நீ. அப்போதுதான் புரிந்தது. அன்றைக்குக் கொடையில் விசிலடித்தது உனக்குக் கேட்கவே இல்லை. அதை நீ என்னிடம் சொல்லுவதற்குள் நான் ஊருக்கே கத்திவிட்டேன்.

அடுத்த வாரமே கல்யாண் ஸ்டேஷன் பக்கம் ஒரு ரிசப்ஷன். ஜனங்கள் காதைப் பொத்துவதைப் பார்த்துத்தான் மைக் விசிலடிப்பது எனக்குத் தெரிந்தது. என்னை ஒருவரும் ஏசவில்லை. செட்டு என்னுடையது, எவன் ஏசுவான்?

டாக்டரிடம் போனேன். பாக்ஸ் பக்கத்திலேயே நின்று நின்று கூர்மையான சத்தமெல்லாம் போய்விட்டது, இனி வராது, பேஸ் மாதிரி அடிச் சத்தம் தங்கும் என்றார். அந்த ஆற்றங்கரையில் நீ ஏன் அழுதாய் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

தப்பு என்னுடையது, மாப்ளே. கடிதத்தில் சொன்னால் போதாது என்று வெள்ளிக்கிழமை கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். அன்றைக்கு தாஹிருக்குக் கேட்கவில்லை, இப்போது எனக்கும் கேட்பதில்லை, அவனை நான் ஏசியது அநியாயம் என்றேன். பிறகு தலைவர் இந்த வருஷக் கொடைக்கு வேறு செட் பார்க்கலாம் என்றார். பார்க்கட்டும். சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை.

எனக்கு வலது காதில்தான் கோளாறு அதிகம். உனக்கு எந்தக் காது என்று எழுது. நீ வரும்போது எந்தப் பக்கம் உட்கார்ந்து பேச வேண்டும் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

உன்
சுடலை