மாமா பேசிய வீடியோ

ஞாயிறு இரவு, பிரிட்ஜ்வாட்டர், அமெரிக்கா.

மலேசியாவில் சட்டமன்ற உறுப்பினராக இருக்கும் மாமாவை இன்று கோயிலுக்கு அழைத்துப் போனோம். அடுத்த மாதம் அவருக்குத் தேர்தல். கேன்டீனில் அப்பாவின் நண்பர் ரவி அங்கிள், தன் போனில் சார்ஜ் இல்லை என்று, என்னை வீடியோ எடுக்கச் சொன்னார்.

"அங்க நம்ம ஆளுங்களுக்கு ரொம்ப கஷ்டமாமே சார்?"

மாமா தோசையைப் பிய்த்தபடி சொன்னார்: "கஷ்டம் இருக்குலா. ஆனா எனக்கு ஓட்டுப் போட்டவங்கள்ல பாதிக்கு மேல மலாய் முஸ்லிம்ங்க. அவங்களும் என் ஆளுங்கதான்."

மாமா கை கழுவப் போனதும் அங்கிள் என் பக்கம் திரும்பினார். "கஷ்டம் இருக்குன்னு சொன்னாரே, அதை மட்டும் கட் பண்ணி அனுப்பும்மா. குரூப்ல போடறேன்."

அது மட்டும் மலேசியாவுக்குப் பரவினால், மலாய் ஓட்டுகள் போய் மாமா தோற்றுவிடுவார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட பிறகு, ஏன் என்று கேட்பார்களே என்று நான் கோயிலில் யாரிடமும் பேசுவதில்லை. இன்று பேசினேன்.

"முழுசா வேணா அனுப்பறேன் அங்கிள்."

"அடேங்கப்பா! உனக்குப் பேச்சு வருமா?" என்று சிரித்தார்.

முழுதாக அனுப்பினாலும் அவரே வெட்டிவிடலாம் என்பது இப்போதுதான் உறைக்கிறது. அதனால் அதையும் அனுப்பப் போவதில்லை. அடுத்த வாரம் கோயிலில் நிச்சயம் கேட்பார். மறுபடியும் வாய் திறக்க வேண்டும்.