மூன்று முறை கேட்ட கேள்வி

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? கோவையில் நான் நலம். போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே இருப்பார்கள்; அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று போனில் அம்மா, "சாப்புட்டியா கண்ணு?" என்றார்கள். "ஆச்சுங்கம்மா" என்றேன். ஐந்து நிமிடத்துக்குள் இன்னும் இருமுறை அதையே கேட்டார்கள். "ஏனுங்கம்மா, எத்தனை தடவை சாப்புடறது?" என்று சிரித்தேன். போனை வைத்த பிறகு, அம்மாவுக்கு மறதி வருகிறதோ என்று பயமாகிவிட்டது.

எப்போதும் பிஸ்கட்டும் பொரித்ததுமாகத் தின்றால் உடம்புக்குள் அழற்சி என்கிற வீக்கம் கூடி, மூளையையும் பாதிக்கலாம் என்று நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரி டாக்டர் சொல்கிறார். ராகிக் களியைக் கேவலமென்று நினைத்து மாதாமாதம் அம்மாவுக்குப் பிஸ்கட் பெட்டி அனுப்பியவள் நான்.

அம்மாவை ஏற்காட்டில் டாக்டரிடம் காட்டுங்கள். நம் காட்டில் விளையும் ராகியை முழுதும் விற்காமல் அம்மாவுக்குக் களி கிண்ட வையுங்கள். எனக்கும் ஒரு படி அனுப்புங்கள். ஹாஸ்டல் சோறு இறங்கவில்லை.

அம்மா எப்போதுமே இப்படித்தான் கேட்பார்களா, இப்போதுதானா? எத்தனை தடவை கேட்கிறார்கள் என்று இத்தனை வருடத்தில் நான் எண்ணியதே இல்லை.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

மகள் சத்யா