ஜெரோமுக்குச் சேர வேண்டிய பாஸ்

ஜூன் 7, சனி

பிளஸ் டூவையே தத்தித் தாவித் தாண்டிய என்னை நூலக வாசகர் வட்டத்துக்கு விளம்பரப் பொறுப்பாளர் ஆக்கிவிட்டார்கள். கடைசியாக எந்தப் புத்தகத்தை முழுசாகப் படித்தாய் என்று யாரும் கேட்கவில்லை. குரல் பெரிசு, அதுதான் தகுதி.

வேலை இதுதான். மாமல்லபுரத்தையும் வண்டலூர் பூங்காவையும் நாலு பேர் இலவசமாகப் பார்க்க ஒரு பாஸ். புத்தகம் மாதிரியே எங்கள் கிளை நூலகத்தில் இரவல் வாங்கலாம். சனிக்கிழமை எடுத்து வியாழனுக்குள் திருப்ப வேண்டும். இருப்பது ஒன்றே ஒன்று என்பதால் முறை வைத்துத்தான் கொடுப்பார்கள். நூலகர் மாளவிகா மேடம் தனி ஆள். முறை வந்தவர்களுக்குப் போன் செய்வதும் என் தலையில்.

டீக்கடை, சர்ச் போர்டு, சலூன் எல்லா இடத்திலும் நோட்டீஸ் ஒட்டியாயிற்று. ஷேர் ஆட்டோவில் நான் பேசிய பேச்சில் ஒரு அம்மா இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டார். "சோப்பு விக்கிற ஆளுன்னு நினைச்சிருப்பாங்க" என்றாள் ஜெரூஷா. கட்டிய மனைவியே இப்படி.

ஜூன் 8, ஞாயிறு

இன்று ஒரு ஆளைப் பிடித்தேன். திருமுடிவாக்கத்தில் என் கம்பெனிக்குப் பக்கத்து ஷெட்டில் வெல்டராக இருக்கும் ஜெரோம். மனைவி கிறிஸ்டினா, மகள் ஜோசலினோடு பெருங்களத்தூரில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தான். கட்டுச்சோற்று வாசனை ரோடு வரைக்கும் வந்தது. மாமல்லபுரமாம்.

"ஓசியில பாக்கறத எதுக்குடா காசு குடுத்துப் பாக்குற? ரெண்டு வாரம் பொறு. 21ஆம் தேதி பாஸ் உன் கையில. கூடவே வண்டலூரும் பாத்துடலாம்."

"பஸ்ஸு வர்ற நேரம்ணா" என்றான். கிறிஸ்டினா வேறு பக்கம் பார்த்தாள். நான் விடவில்லை. கடைசியில், "சரி, அண்ணன் சொல்றாரு" என்று பையைத் தூக்கினான். ரெண்டடி போய்த் திரும்பி, "கொஞ்சம் முன்னாடி கெடைக்காதாண்ணா?" என்று கேட்டான்.

"முறைன்னா முறைதான்" என்றேன். என் தோரணையில் கலெக்டர் தோற்றார்.

ஜூன் 19, வியாழன்

மச்சான் ஜேசன் பெங்களூரிலிருந்து சனிக்கிழமை வருகிறானாம், மனைவியோடு. "ஏதோ பாஸ் பாஸ்னு ஊரெல்லாம் சொல்றீங்களே, என் தம்பிய கூட்டிட்டுப் போனா என்ன" என்கிறாள் ஜெரூஷா.

இன்று ஜெரோமுக்குப் போன் செய்திருக்க வேண்டும். நாளைக்குச் செய்யலாம்.

ஜூன் 21, சனி

செய்யவில்லை.

மாளவிகா மேடம், "ஜெரோம் வரலையா சார்?" என்றார். "அவனுக்கு ஓவர்டைமாம் மேடம், இந்த வாரம் முடியாதாம்." நாக்கு அதுபாட்டுக்குச் சொன்னது. "அப்ப சும்மா கெடக்க வேணாம், நீங்களே எடுத்துக்குங்க" என்று என் பேரை எழுதினார்.

திரும்பும்போது ஸ்கூட்டரின் பின்னாலிருந்து மகள் கெசியா கேட்டாள்: "அங்கிள் எப்பப்பா உங்ககிட்ட சொன்னாரு?"

"போன்ல."

பன்னிரண்டு வயசுப் பெண். அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

மத்தியானம் ஜெரோமிடமிருந்து ரெண்டு மிஸ்டு கால். ஒரு வாரம் தள்ளிப் போனால் என்ன, கற்கோயில் ஓடியா போய்விடும்? இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

போய் வந்தோம், பாஸுக்கு மேல் அஞ்சாவது ஆளுக்கு மட்டும் டிக்கெட் எடுத்து. ஜேசன் பாதி நேரம் கார் ஏசியைவிட்டு இறங்கவில்லை. கடற்கரைக் கோயிலைப் பார்த்து, "இவ்ளோதானா மாமா?" என்றான். அவன் கார் டயர் ஒன்றை விற்றால் தெருவையே டிக்கெட் போட்டுக் கூட்டிப்போகலாம். அவனுக்கு இலவச பாஸ் வாங்கிக் கொடுத்த மகான் நான்.

ஜெரூஷா நாலு படத்தை ஸ்டேட்டஸில் போட்டாள். யார் யார் பார்த்தார்கள் என்று எட்டிப் பார்த்தேன். ஜெரோம் பார்த்திருக்கிறான்.

ஜூன் 23, திங்கள்

டீ குடிக்கும்போது ஜெரோமோடு வேலை செய்கிற உதயா சொன்னான்: "ஜெரோம் விடிகாலையில ஃப்ளைட் ஏறிட்டான்ணா. மஸ்கட். ரெண்டு வருசம் காண்ட்ராக்ட். உங்களுக்குத் தெரியாதா? வேலைய வுட்டே பத்து நாளாச்சே."

தெரியாது. விசா கைக்கு வரும்வரை எங்கள் ஆட்கள் யாரும் வாய் திறக்கமாட்டோம், சொன்னால் தட்டிப்போகும் என்று பயம். நான் குவைத்துக்கு முயன்றபோது மாமனாருக்கே சொல்லவில்லை. அப்படிப்பட்ட எனக்குப் புரிந்திருக்க வேண்டாமா, கொஞ்சம் முன்னாடி கிடைக்காதா என்று அவன் கேட்டபோது?

புள்ளைய கூட்டிக்கினு சந்தோஷமா கிளம்பினவன நடுரோட்டுல மடக்கி வூட்டுக்கு அனுப்பினேன். எனக்கு இந்தப் பெரிய வாய் இல்லாம இருந்தா அன்னைக்கே போய்ப் பாத்துட்டு வந்திருப்பான். சரி, மடக்கினதுதான் மடக்கினே, சொன்ன தேதியிலயாவது குடுத்தியாடா?

சோறு இறங்கவில்லை. இறங்கவில்லை என்று எழுதுகிறேன், ரெண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கினேன். அதுவும் நான்தான்.

ஜூன் 24, செவ்வாய்

ஜெரோமுக்கு மெசேஜ் அனுப்பினேன்: "லைப்ரரியில ஏதோ குழப்பம் ஆயிடுச்சு தம்பி. மனசுல வச்சுக்காத."

"பரவால்லண்ணா. நீங்க இன்னா பண்ணுவீங்க."

திட்டியிருக்கலாம். மாளவிகா மேடம் தலையிலும் பழியைப் போட்டாயிற்று.

ஜூன் 26, வியாழன்

பாஸைத் திருப்பிக் கொடுத்தேன். "எல்லாரும் நல்லா பாத்தீங்களா?" என்றார் மாளவிகா மேடம். பார்த்தோம் என்றேன்.

ஜூலை 2, புதன்

கம்பெனியில் இருக்கும்போது மாளவிகா மேடம் போன். கிறிஸ்டினா நேரில் வந்து, எங்கள் முறை எப்போது என்று கேட்டிருக்கிறாள். "உங்க வீட்டுக்காரருக்கு ஓவர்டைம்னு ஆரோன் சார் சொன்னாரே" என்று இவர் சொல்ல, ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்துவிட்டது. நான் ஏதோ தொடங்கினேன். அவர் கோபப்படவில்லை.

"இனிமே போன் நானே பண்ணிக்கிறேன் சார். நீங்க நோட்டீஸ் மட்டும் ஒட்டுங்க."

ஜூலை 5, சனி

வாசலில் கிறிஸ்டினா. நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை.

"நாளைக்குப் போறோம்ணா. பாஸ்ல நாலு பேர் போலாமாமே. கெசியாவ அனுப்புங்க, ஜோசலினுக்குத் தொணையா இருக்கும்."

"நானும் வேணா வந்து..."

"நீங்க வேணாம்ணா." மெதுவாகத்தான் சொன்னாள். "அவர்கிட்ட நான் எதுவும் சொல்லல. அங்க தனியா கெடக்கிறாரு. உங்க மேல ரொம்ப மரியாதை வச்சிருக்காரு."

ஜூலை 6, ஞாயிறு

கெசியா வெயிலில் கறுத்துப்போய்ச் சாயங்காலம் வந்து சேர்ந்தாள். நானாக எதுவும் கேட்கவில்லை. அவளே சொன்னாள்: "ஜெரோம் அங்கிள் வீடியோ கால்ல வந்தாரு. அப்பா வரலியான்னு கேட்டாரு. உங்களுக்குக் காய்ச்சல்னு சொல்லிட்டேன்."

"ஏம்மா அப்படிச் சொன்னே?"

"வேற என்னப்பா சொல்றது?"

தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள். ஒரு தடுமாற்றம் இல்லை. இவள் வயதில் எனக்குப் பொய் இவ்வளவு நன்றாக வராது.

ஜூலை 7, திங்கள்

காலையில் போனைத் திறந்தால் ஜெரோம். "காய்ச்சல் எப்டி கீதுண்ணா? ரெண்டு நாள் லீவு போடுங்க. மிளகு ரசம் வச்சுக் குடிங்க."

கெசியா ஸ்கூலுக்கு ஜடை போட்டுக்கொண்டிருந்தாள். "இங்க வந்து உக்காரு" என்றேன். எழுதினால் எதையாவது பூசி மெழுகிவிடுவேன் என்று தெரியும். அதனால் வாய்ஸ் மெசேஜ்.

"தம்பி, எனக்குக் காய்ச்சல் இல்ல. லைப்ரரியிலயும் ஒரு குழப்பமும் இல்ல. உன் முறைய நான் எடுத்துக்கிட்டேன், என் மச்சானுக்காக. உனக்கு ஓவர்டைம்னு பொய் சொல்லி எடுத்தேன். உன் பாப்பாவோட நீ போக வேண்டியது அது."

அனுப்பிவிட்டுப் பக்கத்தில் பார்த்தேன். கெசியா பாதி ஜடையைக் கையில் பிடித்தபடி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்கூல் வேன் ஹாரன் அடித்தது. எழுந்திருக்கவில்லை. நீல டிக் விழுந்தது.

இரவு சாப்பாடு வரை பதில் இல்லை. சாப்பிடும்போது கெசியா ரெண்டு தடவை கேட்டாள்: "அங்கிள் ஏதாவது சொன்னாராப்பா?"

இல்லைம்மா என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.