விசைப்பலகையில் திருநீறு

அண்ணே,

இன்று காலை கோயிலிலிருந்து வந்து கைபேசியை எடுத்தேன். வழக்கம்போல இரகசிய எண்ணைக் கேட்டது. தட்டிவிட்டுப் பார்த்தால் கறுத்த கண்ணாடியில் என் விரல் போன இடமெல்லாம் திருநீறு. எந்தெந்த எண் என்று ஊருக்கே எடுத்துச் சொல்கிற மாதிரி இருந்தது. சிரித்துவிட்டேன். சிரிப்பு முடிவதற்குள் அழுகையும் வந்துவிட்டது. இதைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான், நீங்கள் இல்லை.

பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நான் இந்தக் கம்யூனிகேஷன் கடையைத் தொடங்கிய காலத்தில்தான் நீங்கள் பழக்கமானீர்கள். இரண்டு பழைய கணினி, ஒரு போட்டோகொப்பி மெஷின், கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு தொலைபேசி. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த கிளார்க் நீங்கள். கந்தோரில் வேலை முடிந்தால் தங்கும் அறைக்குப் போகாமல் நேரே என் கடைக்கு வருவீர்கள். பிளேன்டீ குடித்தபடி ஏதாவது ஒரு கணினியைக் குடைந்துகொண்டிருப்பீர்கள். அதுதான் உங்களுக்கு ஓய்வு.

எல்லோரும் பாவிக்கிற பெரிய பிரவுசரைத் திறந்தால் என் கணினி மூச்சு வாங்கி அப்படியே நின்றுவிடும். அதற்குள் இணைப்பும் அறுந்துபோகும். பேர் தெரியாத ஒரு சின்ன பிரவுசரை நீங்கள் எங்கிருந்தோ சீடியில் கொண்டுவந்து போட்டீர்கள். படத்தை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் கொண்டுவரும். அழகு என்று ஒன்றும் கிடையாது, ஆனால் ஓடியது.

பிரவுசரைவிட எங்கள் சனம்தான் உங்களுக்குப் பெரிய தலையிடி. தோட்டத்து லயத்தில் வீடுகள் ஒரே வரிசையில் ஒட்டி ஒட்டி இருக்கும், ஒரு வீட்டுப் பேச்சு அடுத்த நாலு வீட்டுக்கும் கேட்கும். அப்படி வளர்ந்த எங்களுக்கு எதையும் ஒளிக்கத் தெரியாது. "அக்கா, நம்ம பாஸ்வேர்ட் மாரியம்மா தானே?" என்று வாசலில் இருந்தே கத்துவார்கள். பாதிப் பேருக்கு மாரியம்மா, மீதிப் பேருக்கு முருகன். நீங்கள் தலையில் கை வைத்துக்கொள்வீர்கள்.

"கடவுள்மாரை இப்பிடிக் காவலுக்கு நிப்பாட்டினால் அவையள் என்ன செய்யிறது, பிள்ளை?"

ராமாயி அக்கா வந்த நாளிலிருந்துதான் இது வேடிக்கையாக இல்லாமல் போனது. மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். மகள் செல்வி வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். அனுப்பிவைத்த ஏஜென்சிக்காரர்களே தாய்க்கு மெயிலும் எடுத்துக்கொடுத்து, பாஸ்வேர்டையும் தங்கள் கையில் வைத்திருந்தார்கள். செல்வி தன் கஷ்டத்தை எழுதினால் ராமாயி அக்கா பதுளைக்கு வந்து சேருமுன்பே அவர்கள் படித்துவிடுவார்கள். அவள் வேலை செய்யும் வீட்டுக்குச் சொல்லிவிடுவார்கள், அங்கே அவளுக்கு அடி விழும். ஒருநாள் தொலைபேசியில் அழுதாளாம்: "எந்த வீட்ல இருக்கேன்னு எழுதுனா வந்து கூட்டிட்டுப் போவீங்களாம்மா? அந்த மெயில்ல மட்டும் எழுத மாட்டேன்."

வேறு ஒரு மெயில் வேண்டும், வேறு யாரும் நுழைய முடியாத மெயில். ராமாயி அக்காவுக்கோ ஆங்கில எழுத்து தெரியாது. நீளமான கடினமான பாஸ்வேர்டை கணினியே உண்டாக்கி, கணினியே ஒரு பெட்டிக்குள் போட்டுப் பூட்டி வைத்து, கணினியே தட்டிவிடட்டும் என்று ஒரு பாஸ்வேர்ட் மேனேஜரைக் கொண்டுவந்தீர்கள். அக்கா அந்தப் பெட்டியைத் திறக்கும் ஒரு சொல்லை மட்டும் வைத்திருந்தால் போதும்.

ஆனால் அந்த மேனேஜருக்கு நம் சின்ன பிரவுசரைக் கண்ணிலேயே காட்டக்கூடாது. பேர்பெற்ற பிரவுசர்களோடு மட்டும் பேசும் பெரிய மனிதராக இருந்தது. அதற்கு இன்னொரு வழி வைத்திருந்தார்கள். திரையின் மேலே இருக்கும் தலைப்பைப் பார்த்து இன்ன பக்கம் என்று அடையாளம் கண்டு, நாம் தட்டுவது போலவே அதுவும் தட்டும். நம் பிரவுசர் தலைப்பில் முதலில் தன் பெயரைப் போட்டுக்கொண்டது, அதனால் அடையாளம் தெரியவில்லை. தலைப்பின் நடுவிலுள்ள சொல்லைப் பார்த்தால் போதும் என்று மாற்றினீர்கள். இப்போது பக்கம் முழுதாக வருமுன்பே தட்டத் தொடங்கியது. கொஞ்சம் பொறுத்துத் தட்டும்படி வைத்தீர்கள். கடைசியில் ராமாயி அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினால், பாஸ்வேர்ட் மறைவான கட்டத்துக்குப் போகாமல் பெயர்க் கட்டத்திலேயே எல்லோர் முன்னாலும் கொட்டிக்கொண்டு நின்றது.

"என்னாங்க ஐயா, எல்லாம் வெளிய சிந்திருச்சே!" என்றார் அக்கா.

உங்கள் முகம் போன போக்கை இன்றும் மறக்கவில்லை. அந்தப் பாஸ்வேர்டைத் தூக்கிப்போட்டு வேறு உண்டாக்கினீர்கள். ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது நம் பிரவுசர் மட்டும் எங்கோ தடுக்கி விழுகிறது என்று கண்டுபிடித்து, இன்னொரு தாவலைச் சேர்த்தீர்கள். அந்த வாரம் முழுக்க உங்கள் பிளேன்டீ ஆறிப்போய்த்தான் கிடந்தது.

பெட்டியைத் திறக்கும் சொல்லை அக்காவே தெரிவுசெய்ய வேண்டிய நாள். "உங்களுக்குப் பிடிச்ச எழுத்துகளைத் தொடுங்கோ. அதே ஒழுங்கிலை திரும்பத் தொட நினைவிருந்தால் போதும். எனக்குச் சொல்லவேண்டாம்" என்று சொல்லிவிட்டு நீங்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றீர்கள். நான் அக்காவின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பிள்ளை, நீரும் திரும்பும்."

"நான் என்னாண்ணே செய்யப் போறேன்?"

"நீர் ஒண்டும் செய்யமாட்டீர். அது அவவின்ரை. அவ்வளவுதான்."

கோபமாகத்தான் திரும்பினேன். ராமாயி அக்கா சிரித்தார். "எனக்குன்னு மட்டும் ஒன்னு இருக்கிறது இதான் மொத தடவங்க ஐயா" என்றார்.

செல்வி அடுத்து தொலைபேசியில் பேசியபோது புது மெயில் முகவரியைச் சொல்லிவிட்டோம். அவளுடைய கடிதத்துக்காக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அக்கா வந்தார். முதலில் கோயில், பிறகு கடை. ஒரு ஞாயிறு ஏஜென்சியில் வேலை செய்கிற ஆள் ஒருவர் போட்டோகொப்பி எடுக்க வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரைக் கண்டதும் நான் அக்காவுக்குக் கண்ணைக் காட்டினேன். அக்காவோ லயத்துப் பழக்கத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்: "புதுசா மெயில் எடுத்துருக்கேன் தம்பி, இந்த மெஷின்லதான் பூட்டி வச்சிருக்கு."

பெட்டியைத் திறந்து பார்த்தார், கடிதம் வரவில்லை. பெட்டியைப் பூட்டிவிட்டு எழுந்தார். "எனக்கும் சின்ன வேல ஒன்னு இருக்கு, அந்த மெஷினையே குடுங்க" என்று அந்த ஆளும் எழுந்தார்.

அப்போதுதான் நீங்கள் பார்த்தீர்கள். கறுத்த விசைப்பலகையில், அக்கா தொட்ட எழுத்துகளில் மட்டும் திருநீறு. எந்த எழுத்து முதலில் என்று தெரியாவிட்டாலும், அந்தச் சில எழுத்துகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? நீங்கள் பாய்ந்துவந்து குறுக்கே நின்றீர்கள். "பொறும், ஒரே தூசி" என்று சட்டைப் பையிலிருந்து கைலேஞ்சியை எடுத்து ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை தேய்த்தீர்கள். தேய்க்கும்போது உங்கள் முகம் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. அவ்வளவு அவசரத்திலும் நீங்கள் பார்க்கவில்லை, அண்ணே. அந்த ஆள் உட்கார்ந்து என்னென்னவோ தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பெட்டி திறக்கவில்லை.

அடுத்த மாதம் செல்வியின் கடிதம் வந்தது. தெருப் பெயர், வீட்டின் நிறம், எதிரில் இருந்த கடை எல்லாம் எழுதியிருந்தாள். நான் அக்காவின் காதோடு காதாக வாசித்தேன். நீங்கள் அதை எடுத்துக்கொண்டு கொழும்பில் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினீர்கள். செல்வி வந்து இறங்கியதும் ராமாயி அக்கா அவளை வீட்டுக்குக் கூட்டிப்போகவில்லை, முதலில் உங்களிடம்தான் கூட்டிவந்தார்.

போன மாதம் அக்கா, உங்கள் மனைவி, யாழ்ப்பாணத்திலிருந்து பேசினார். உங்கள் கணினியிலும் அதே மாதிரிப் பெட்டி ஒன்று பூட்டிக் கிடக்கிறதாம். "உமக்குத் தெரிஞ்சிருக்குமே பிள்ளை? எத்தினை வருசம் பக்கத்திலை இருந்தனீர்." தெரியாது என்றேன். "எனக்கும் சொல்லேல்லை" என்றார். உங்கள் மேல் கோபம் வந்தது. இத்தனை வருடப் பழக்கத்தில் அந்தப் பெட்டியைத் திறக்க உங்கள் சொல் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. நீங்கள் தட்டும்போது நான் ஒரு தடவை திரும்பாமல் நின்றிருக்கலாமே என்றுகூட நினைத்தேன்.

நேற்று செல்வி பூனாகலையிலிருந்து மகளோடு கடைக்கு வந்திருந்தாள். மகளுக்குப் புது மெயில் திறக்க வேண்டுமாம். பாஸ்வேர்ட் போடும் கட்டம் வந்தது. நான் ஒன்றும் யோசிக்கவில்லை, கால் தானாகத் திரும்பிவிட்டது. என் கடைச் சுவரில் ஒரு விரிசல், ஒரு காலண்டர் ஆணி, நீங்கள் சாய்ந்து நின்ற இடத்தில் ஓர் எண்ணெய்க் கறை. அந்தச் சுவர் எனக்கு மனப்பாடம். எனக்குப் பின்னால் செல்வி மகளிடம் சொல்வது கேட்டது:

"எனக்கும் சொல்லாத. அது ஒன்னோடது."