முதுகைக் காட்டி ஜெயித்தவர்கள்

அன்புள்ள அப்பாவுக்கு, வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாகவே இருக்கிறேன்.

ஞாயிறன்று பழைய மாணவர் சங்கத்தோடு எங்கள் பல்கலைக்கழகப் படகுப் போட்டிக்குப் போனேன். படித்த காலத்தில் ஆற்றுப் பக்கமே போகாதவள் நான். துடுப்புப் போடுகிறவர்கள் எல்லைக்கோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். "ஐயையோ, திரும்பி உட்காருங்க!" என்று கத்திவிட்டேன். கரையே சிரித்தது. அப்படித்தான் ஓட்டுவார்களாம்.

"முதுகைக் காட்டிட்டுப் போறியே" என்றீர்களே, நான் இந்த ஆய்வகப் பயிற்சிக்குக் கிளம்பும்போது? ஜெயித்தவர்களும் முதுகைக் காட்டித்தான் போனார்கள், அப்பா. புறப்பட்ட கரையிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை. நானும் பயிற்சியை முடித்துவிட்டுத்தான் வருவேன்.

குளிருக்கு உங்கள் பழைய ஸ்வெட்டரை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம். நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது.

உங்கள் வாயாடி