போன் பார்த்த கண்டி

மார்ச் 4, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் வேன் பிடித்துக் கண்டி போகிறார்கள். வீட்டுக்காரர் கிஷாந்த் சரி சொல்லிவிட்டார்! கல்யாணமாகி வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்ததிலிருந்து கோயிலையும் கடையையும் தாண்டி நான் எங்கேயும் போனதில்லை. கொழும்பில் வேலை பார்க்கிற மனுஷன் ஒரு நிபந்தனை போட்டார்: "போன் அடிச்சா எடுக்கணும் ஷாமிலா. வீடியோவுல காட்டணும்." அதற்கென்ன, எடுத்தால் போச்சு.

மார்ச் 8, சனி

இன்றைக்கும் போனில் அவருடைய கத்தல். "இவ்வளவு நேரம் எங்க இருந்த?" பள்ளத்து மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன், அங்கே சிக்னல் கிடையாது. எத்தனை தடவைதான் சொல்வது? அட்டைக் கடியும் ஏற்றமுமாக, அந்த மலையே எனக்குப் பிடிக்காது.

மஞ்சள் சேலையை எடுத்து வைத்துவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

கண்டியில் எந்த மூலைக்குப் போனாலும் சிக்னல். இதை யோசிக்கவே இல்லை, மரமண்டை.

வாவிக் கரையில் இறங்கியதும் அடித்தது. புத்தரின் பல்லை வைத்திருக்கிற தலதா மாளிகை வாசலில் செருப்பைக் கழற்றும்போது அடித்தது. "யாரு கூட நிக்கிற? கேமராவத் திருப்பு. அந்த வெள்ளச் சட்டை யாரு?" அங்கே வெள்ளைச் சட்டை போடாத ஆளே இல்லை. பொன் கூரையையும் யானைத் தந்தத்தையும் போன்தான் பார்த்தது. நான் அவருடைய மூஞ்சியைப் பார்த்தேன்.

சந்தைப் பக்கம் ஒரு சிங்கள அம்மா ஹலப விற்றார். குரக்கன் மாவும் தேங்காயும் இலையில் மடித்து அவித்தது. "உணு உணுவே கன்ன துவே" என்றார், சூட்டோடு சாப்பிடச் சொல்லி. இலையைப் பிரிக்கிறேன் — போன்.

"அவரு பேசட்டும்டி, நீ தின்னு" என்றார் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா அக்கா. தின்றால் அதற்கும் கேள்வி வருமே. பேசி முடிப்பதற்குள் வேன் கிளம்புகிற நேரம் வந்துவிட்டது. ஹலபவைத் திரும்ப மடித்துப் பையில் போட்டுக்கொண்டு ஏறினேன்.

திரும்பும்போது எல்லோரும் பாட்டு. எனக்கு அழுகை. தோட்டத்துலதான் அடைஞ்சு கெடக்கேன்னு நெனச்சேனே — இல்ல, ஜெயிலக் கையிலயே தூக்கிக்கிட்டுல்ல திரியிறேன்?

மார்ச் 10, திங்கள்

காலைப் பெரட்டில் வீரய்யா கங்காணி எந்த மலைக்கு யார் என்று ஆள் பிரித்தார். பள்ளத்து மலைக்கு நான் போகிறேன் என்றேன்.

"என்னம்மா, போன வாரந்தானே அங்க மாட்டேன்னு நின்ன?"

கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு நடந்தேன்.

மதியம் தேயிலைக்கு நடுவே உட்கார்ந்து, ஆறி இறுகிப்போன ஹலபவைத் தின்றேன். மெதுவாகத் தின்றேன். எதையும் காட்டு என்று யாரும் கேட்கவில்லை.

சாயந்தரம் மேலே ஏறும்போது பாதி வழியிலேயே போன் அடிக்கத் தொடங்கியது. "நாளைக்கும் எனக்குப் பள்ளத்து மலையே போடுங்க" என்று கூட ஏறி வந்த கங்காணியிடம் சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன்.